கபிலர்கள் எத்தனை பேர்?

கபிலர் என்று பெயர் போட்ட நூல்களை மட்டும் தனியே எடுத்து ஒரு தட்டில் அடுக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மூவேந்தரும் ஒரு மலையை முற்றுகையிட்ட போர் அதில் இருக்கும். சேர மன்னன் ஒருவனின் வரலாறு இருக்கும். 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் பாட்டு இருக்கும். அதைத் தாவரவியல் மாணவர்கள் இன்றும் கையில் வைத்துக்கொண்டு காடு மலை ஏறுகிறார்கள். எது எது துன்பம் என்று அடுக்கும் நீதி நூல் இருக்கும். பிள்ளையார் மேல் ஒரு மாலை, சிவபெருமான் மேல் ஓர் அந்தாதி. கடைசியாக, பிறப்பில் ஏது உயர்வு தாழ்வு என்று கேட்கும் ஓர் அகவல். வரலாறு, அறிவியல், சமயம், போர், நீதி, சாதி மறுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

ஒரே ஆள்தான் இவ்வளவும் எழுதினாரா?

தமிழ் படித்தவர்களுக்கு விடை தெரியும்: இல்லை, அவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஆனால் எப்படிப் பிரிக்கிறார்கள், யார் இவர்களை ஒன்றாகக் கட்டியது என்று கேட்டால் பலரும் சொல்வதில்லை. கட்டியவர் நம் மாவட்டத்துக்காரர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். தமிழ் இலக்கியத்துக்கு வந்தது வேலையில் சேர்ந்த பிறகு, மெதுவாக. அதனால் முதலில் நினைவுக்கு வருவது துய்மாதான். அலெக்சாந்தர் துய்மா என்ற பெயரில் இரண்டு எழுத்தாளர்கள். அப்பா 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' எழுதியவர். மகன் 'காமெலியா பூப் பெண்மணி' எழுதியவர். அப்பாவின் அப்பாவும் ஒரு துய்மாதான். அவர் எழுத்தாளர் அல்லர், படைத்தலைவர். இவர்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் நம் புதுச்சேரியில் 1735 முதல் 1741 வரை ஒரு துய்மா கவர்னராக இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் குழம்புவதில்லை. அப்பா பெயருக்குப் பின்னால் 'பேர்' என்று எழுதுவார்கள், மகன் பெயருக்குப் பின்னால் 'ஃபிஸ்'. பிரெஞ்சில் பேர் என்றால் அப்பா. நமக்குப் பேர் என்றால் பெயர். எங்கள் வகுப்பில் இதை வைத்து நிறையச் சிரித்திருக்கிறோம்.

நம்முடைய பழைய தொகைநூல்களிலும் இந்த ஒழுங்கு இருந்தது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் பாட்டின் கீழ்ப் புலவர் பெயரை எழுதும்போது ஊரைச் சேர்த்தார்கள், தொழிலைச் சேர்த்தார்கள், தந்தையைச் சேர்த்தார்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றும், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அறுவை வாணிகன் என்றால் துணி வியாபாரி. கபிலர் விஷயத்திலும் கவனமாகத்தான் இருந்தார்கள். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகையில் சில பாட்டுகளுக்குக் கீழே 'தொல்கபிலர்' என்று தனியாகப் பெயர் இருக்கிறது. பழைய கபிலர் என்று பொருள். அதாவது சங்கக் காலத்துக்கு உள்ளேயே இரண்டு கபிலர்கள். தொகுத்தவர்கள் அவர்களைக் கலக்கவில்லை.

தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம் என்று போய் வந்தவர்களுக்கு இது புரியும். பெயர், த/பெ, கிராமம், புல எண் இந்த நான்கும் பொருந்தினால்தான் ஆள் அவர். ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே கிராமத்தில் இரண்டு முதியவர்கள். பெயர் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று. ஒருவர் இறந்துபோனார். மற்றவருக்கு உதவித்தொகை நின்றுவிட்டது. அவர் நேரில் வந்து நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல, உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டு வாருங்கள் என்றார்கள். கடைசியில் அங்க அடையாளம் பார்த்து, வலது முழங்கையில் இருந்த தழும்பை வைத்துத்தான் தீர்ந்தது. தீருவதற்கு ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவர் மகள் வீட்டுச் சோற்றில் இருந்தார்.

கபிலருக்கும் இப்படி அங்க அடையாளம் பார்க்கலாம்.

முதலில் சங்கக் கபிலர். சங்கப் புலவர்களில் அதிகம் பாடியவர் இவர். இவர் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் குறிஞ்சித் திணை. ஐங்குறுநூற்றில் மூன்றாவது நூறு இவருடையது. ஆனால் இவர் வெறும் பெயராக நமக்குக் கிடைக்கவில்லை, முழு மனிதராகக் கிடைக்கிறார். பறம்பு மலைத் தலைவன் பாரியின் நண்பர். பறம்பு என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள். மூவேந்தரும் சேர்ந்து அந்த மலையை வளைத்துக்கொண்டபோது கபிலர் உள்ளே இருந்தார்.

முற்றுகைக்காரர்களைப் பார்த்து அவர் பேசுவது புறநானூற்றில் இருக்கிறது. இந்த மலையைப் பட்டினி போட்டுப் பிடிக்க முடியாது, உழாமலே விளைவது நான்கு இங்கே உண்டு என்று கணக்குச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். வாளால் எடுக்க முடியாது, யாழை மீட்டிக்கொண்டு விறலியரோடு பாடி ஆடி வாருங்கள், நாட்டையும் தருவான் மலையையும் தருவான் என்று கேலி செய்கிறார். இன்னொரு பாட்டில், பறம்பு நாட்டின் முந்நூறு ஊரையும் கேட்டு வந்தவர்கள் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது பாரியும் நாங்களும் இந்தக் குன்றும்தான் என்கிறார். போரை மலைக்கு உள்ளிருந்து பார்த்தவனின் பேச்சு இது.

பாரி இறந்தான். அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராகப் போனார். விச்சிக்கோன், இருங்கோவேள் என்று குறுநில மன்னர்களிடம் இந்தப் பெண்களை மணந்துகொள்ளக் கேட்டார், மறுத்தார்கள். கேட்கும்போது, நான் அந்தணன், இவர்களைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற முறையில் பேசுகிறார். பறம்பை விட்டு இறங்கும்போது அவர் திரும்பிப் பார்ப்பதை எந்தக் காலத்திலும் படிக்கலாம். கள் சாடிகளின் வாய் திறந்தே இருந்த ஊர், ஆட்டுக்கிடா விழுந்துகொண்டே இருந்த ஊர் என்று அந்த விருந்தை நினைத்துக் கண்கலங்குகிறார்.

வேறு புலவர்களின் சாட்சியும் உண்டு. சில ஆவணங்கள் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் நீதிமன்றத்தில் நிற்காது. இந்தக் கபிலருக்கு அந்தக் குறை இல்லை. முற்றுகைக் காலத்தில் பறவைகள் நெற்கதிர் கொண்டுவந்த கதையை நக்கீரரும் சொல்கிறார், ஔவையாரும் சொல்கிறார். மாறோக்கத்து நப்பசலையார் அவரை மாசற்ற அறிவுடைய அந்தணன் என்கிறார். பொருந்தில் இளங்கீரனார், ஒரு சேர மன்னனைப் பாட வரும்போது, கபிலர் இன்று இல்லையே என்று ஏங்குகிறார். பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்து இவருடையது. செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடி நூறாயிரம் காணமும், நன்றா என்ற குன்றின் மேல் நின்று கண்ணுக்குத் தெரிந்த நாடும் பரிசாகப் பெற்றார் என்று அதன் பதிகம் சொல்கிறது. இதில் எனக்குப் பிடித்தது பரிசு அல்ல. பாரி இறந்துவிட்டான், இனி நீ கொடு என்று கேட்க நான் வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அது யார் சொல்லிக் கொடுத்தும் வருகிற பேச்சல்ல.

அந்த 99 பூக்கள் குறிஞ்சிப்பாட்டில் வருகின்றன. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் மரபை அறிவிக்கப் பாடியது என்று அதன் அடிக்குறிப்பு. மலைச்சாரலில் விளையாடும் பெண்கள் பறித்துக் குவித்த பூக்கள். 261 அடிப் பாட்டில் சுமார் 35 அடி வெறும் பூப்பெயர். உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டபோது, கிடைத்த ஏடுகளில் இந்தப் பகுதி சிதைந்திருந்தது. தருமபுர ஆதீனத்து ஏட்டிலிருந்துதான் பூப்பெயர்கள் முழுமையாக வந்தன. பிற்காலத்தில் ஐயர் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக 1924 முதல் 1927 வரை இருந்ததை உங்களில் பலர் உங்கள் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பூக்களைப் பட்டியல் போட்டவரை விஞ்ஞானி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்துப் பேர் தெரிந்து எழுதியவர். இன்றைக்கு நமக்கு அதில் பத்துப் பூ அடையாளம் தெரிந்தால் அதிகம்.

இனி இரண்டாவது தட்டு. பதினெண்கீழ்க்கணக்கில் இன்னா நாற்பது. ஆசிரியர் கபிலர். நாற்பது வெண்பா, ஒவ்வொன்றிலும் நான்கு துன்பங்கள். கடவுள் வாழ்த்தில் சிவன், பலராமன், திருமால், முருகன் நால்வரும் வருகிறார்கள். மழைக்காலத்தில் கூவும் குயிலின் குரலும் துன்பம் என்கிறார், அது அழகு. கள் குடிப்பவன் காரியம் பேசுவதும் துன்பம் என்கிறார். வாய் திறந்த கள் சாடிகளை நினைத்து அழுதவரா இவர்? மனிதன் வயதானால் மாறுவான் என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள். ஆனால் வயதானால் யாப்பும் நடையும் மொழியும் சேர்ந்து சில நூற்றாண்டு முன்னால் போய்விடாது.

மூன்றாவது தட்டுதான் நம்மூர் விஷயம். பதினோராந் திருமுறையில் 12 ஆசிரியர்களின் 40 நூல்கள். அந்த 12 பேரில் கபிலதேவ நாயனார் ஒருவர். மூன்று நூல்கள்: மூத்த நாயனார் திருவிரட்டைமணிமாலை, சிவபெருமான் திருவிரட்டைமணிமாலை, சிவபெருமான் திருவந்தாதி. மூத்த நாயனார் என்றால் பிள்ளையார். அதே தொகுப்பில் பரணதேவ நாயனார் இருக்கிறார், அவரும் சிவபெருமான் திருவந்தாதி என்றே ஒரு நூல் பாடியிருக்கிறார். நக்கீரதேவ நாயனார் இருக்கிறார். கல்லாடதேவ நாயனார் இருக்கிறார். கபிலர், பரணர், நக்கீரர், கல்லாடர், நான்குமே சங்கப் பெயர்கள், ஒரே வரிசையில். தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வராது.

அங்க அடையாளம் பார்ப்போம். இரட்டைமணிமாலை என்பது வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வருவது. கட்டளைக் கலித்துறை சங்கக் காலத்தில் கிடையாது. நூறு பாட்டை அந்தாதியாகத் தொடுக்கும் வழக்கமும் அப்போது இல்லை. பிள்ளையாரும் சங்கப் பாடல்களில் இல்லை. இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. புறநானூற்றுக் கபிலர் பாரியின் கொடையைச் சொல்லும்போது, நல்லது என்றும் தீயது என்றும் சொல்ல முடியாத எருக்கம் பூவைச் சூட்டினாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்கிறார். எருக்கு என்றவுடன் நமக்கு விநாயகர் சதுர்த்தி ஞாபகம் வரும். கபிலரோ கடவுள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது பின்னால் வந்த நம்முடைய பழக்கம்.

ஆக, கபிலதேவ நாயனார் சங்கக் கபிலருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். சரி, இருவரையும் ஒருவர் என்று கட்டியது யார்?

காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் திருநாரையூர் இருக்கிறது. நம்பியாண்டார் நம்பியின் ஊர். பொல்லாப் பிள்ளையார் அவர் கொடுத்த நிவேதனத்தை உண்ட கதையும், சிதம்பரம் கோயில் அறையில் கரையான் அரித்த தேவார ஏடுகளை அரசனோடு சேர்ந்து மீட்ட கதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையை எழுதிவைத்ததும் சிதம்பரத்துக் கொற்றவன்குடி உமாபதி சிவம்தான். திருமுறைகளை வகுத்தவர் நம்பி என்பது மரபு. அவரே திருநாரையூர் விநாயகர் மேல் ஓர் இரட்டைமணிமாலை பாடியிருக்கிறார். கபிலதேவர் பாடிய அதே தெய்வம், அதே நூல்வகை. அந்த நூலை அவர் ஆசையோடு எடுத்து வைத்திருப்பார் என்பதில் வியப்பில்லை.

இன்னொரு வேலையும் செய்தார். திருநாவலூர்ச் சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் 'பொய்யடிமை இல்லாத புலவர்' என்று ஒரு தொகையடியாரைச் சொல்லிவிட்டுப் போனார்; பெயர் எதுவும் சொல்லவில்லை. நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் அதற்கு விளக்கம் எழுதினார். அந்தப் புலவர்கள் தமிழ்ச்சங்கத்தில் இருந்த கபிலர், பரணர், நக்கீரர் முதலான 49 பேர் என்றார். முடிச்சு விழுந்த இடம் இதுதான். ஒரு பக்கம் சிவன் மேல் பாடிய கபிலதேவர், பரணதேவர், நக்கீரதேவர் என்று ஏடுகள். மறுபக்கம் சங்கத்தில் இருந்த கபிலர், பரணர், நக்கீரர் என்று பெயர்கள். பெயர் பொருந்தியது, கோப்பு இணைந்துவிட்டது.

நம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் எடுத்து வைக்காவிட்டால் கபிலதேவரின் மூன்று நூலும் கரையானுக்குப் போயிருக்கும், இன்று யாரைப் பற்றி யார் எழுதுவது? ஆனால் அவருக்குப் பின்னால் வந்த சேக்கிழாரைக் கவனியுங்கள். பெரிய புராணத்தைச் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியவர். நம்பியின் அந்தாதியை வழிநூலாக வைத்துக்கொண்டு எழுதியவர். பொய்யடிமை இல்லாத புலவருக்கு அவர் எழுதியது மூன்றே பாட்டு. அதில் கபிலர் பெயரும் இல்லை, பரணர் பெயரும் இல்லை. 49 என்ற எண்ணும் இல்லை. சிவனைத் தவிர வேறு யாரையும் பாடாதவர்கள் என்ற அளவில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பாரியையும் சேரனையும் பாடிய கபிலரை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். எத்தனை கோப்பு பார்த்திருப்பார்! முன்னவர் எழுதிய குறிப்பை அடிக்கவும் இல்லை, அதன் கீழ் கையெழுத்துப் போடவும் இல்லை.

நக்கீரர் விஷயம் இன்னும் சிக்கல். திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டில் முதல் பாட்டு; பதினோராந் திருமுறையிலும் அதுவே இருக்கிறது. ஒரே நூல் இரண்டு பதிவேட்டில். நெடுநல்வாடை எழுதிய நக்கீரரும் இவரும் ஒருவரா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

நான்காவது தட்டில் கபிலரகவல். ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவரில் ஒருவர் கபிலர், ஔவையும் வள்ளுவரும் அதிகமானும் உடன்பிறந்தவர்கள் என்ற கதை இதில்தான் வருகிறது. அந்தணர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பூணூல் போடுவதில் தகராறு வர, சபையில் எழுந்து சாதியைக் கேள்வி கேட்கிறார். மிகப் பிற்பட்ட நூல். நல்ல நூல் என்பது என் கருத்து. அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நான் அந்தணன் என்று மன்னர் முன்னால் நின்று பெண் கொடுக்க உரிமை கேட்ட கபிலர் இவர் அல்லர். எழுதியவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு, மதிப்புள்ள ஒரு பழைய பெயரை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார். அன்றைய நிலையில் அவருக்கு அது பாதுகாப்பாகவும் இருந்திருக்கும். இதுவும் ஒரு வகை. பெயர் தற்செயலாக ஒத்துப்போவது வேறு, வேண்டுமென்றே எடுத்துக்கொள்வது வேறு. வடமொழியில் சாங்கியம் சொன்ன கபில முனிவர் என்று ஒருவர் உண்டு. அவரையும் இவர்களோடு சேர்த்துப் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரை விட்டுவிடுவோம்.

கபிலருக்கு நடந்தது பொய்கையாருக்கும் நடந்தது. இங்கே போரும் சமயமும் நேருக்கு நேர் மோதுகின்றன. களவழி நாற்பது என்பது முழுக்க முழுக்கப் போர்க்களம்: யானைகள், ரத்தம், கழுகுகள். சோழன் செங்கணான், சேரமான் கணைக்கால் இரும்பொறையைக் கழுமலத்தில் வென்ற போர். பாடியவர் பொய்கையார், பாட்டைக் கேட்ட சோழன் சேரனை விடுதலை செய்தான் என்று கலிங்கத்துப் பரணியும் பேசுகிறது. புறநானூற்றில் 74-ஆம் பாட்டின் குறிப்போ வேறு கதை சொல்கிறது: திருப்போர்ப்புறத்தில் பிடிபட்டான், குடவாயில் சிறையில் கேட்ட தண்ணீர் தாமதமாக வந்தது, குடிக்காமல் இறந்தான். கழுமலம் என்றவுடன் நமக்குச் சீர்காழி நினைவு வரும், அதற்கும் அந்தப் பெயர் உண்டே. ஆனால் இந்தப் போர் நடந்த கழுமலம் கொங்கு நாட்டுப் பக்கம் என்பதே பலர் கருத்து. ஊர்களுக்கும் இதே வியாதி.

மறுபக்கம் பொய்கையாழ்வார். காஞ்சி திருவெஃகாவில் பிறந்தவர். முதல் திருவந்தாதியின் நூறு வெண்பாவையும் பாடியவர். அதில் போர்க்களமும் இல்லை, அரசன் புகழும் இல்லை. இவர் பாட்டைக் காப்பாற்றித் தந்தவர் நாதமுனிகள். அவர் ஊர் காட்டுமன்னார்கோயில், அன்றைய வீரநாராயணபுரம். திருநாரையூர் நம்பி சைவத் திருமுறைக்குச் செய்ததை நாதமுனிகள் திவ்யப் பிரபந்தத்துக்குச் செய்தார். வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் ஒரே வட்டாரத்தில் இரண்டு தொகுப்பாளர்கள். உலகத்தில் வேறு எங்காவது இப்படி உண்டா என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

களவழி பாடியவரும் ஆழ்வாரும் ஒருவரே என்று வாதாடியவர் மு. இராகவையங்கார், 'ஆழ்வார்கள் காலநிலை' என்ற நூலில். பலர் ஒப்பவில்லை. பெரிய அறிஞர், ஆனால் இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. போர்க்களத்தில் சிந்திய ரத்தத்தை நாற்பது பாட்டில் ரசித்து எழுதியவர், வையத்தை விளக்காக ஏற்றிக் கடவுளைக் கண்ட அந்தக் கண்ணோடு இருந்திருப்பாரா? மனம் மாறியிருக்கலாம் என்பார்கள். மாறியதற்கு ஒரு சாட்சியாவது வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர் ஒன்றானால் ஆள் ஒன்று என்று எழுதிய அந்த இராகவையங்காருக்கே ஒரு பெயரிரட்டை இருந்தார். இரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார். இருவரும் இராமநாதபுரச் சீமை. மு.வின் தந்தை முத்துசாமி ஐயங்கார், இரா.வுக்குத் தாய்மாமன், வளர்த்து ஆளாக்கியவரும் அவரே. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்டபின் வந்த 'செந்தமிழ்' இதழுக்கு முதல் ஆசிரியர் இரா., அடுத்த ஆசிரியர் மு. 'வஞ்சிமாநகர்' எழுதியவர் இரா.; 'சேரன் செங்குட்டுவன்' எழுதியவர் மு. இரா. 1930-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்து சிதம்பரத்தில் இருந்தார். மு. சென்னையில் தமிழ்ப் பேரகராதி வேலையில் பல காலம் இருந்தார். முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு இவர்கள் நூல்களை ஓர் அலமாரியில் வைத்துப் பாருங்கள். ஐந்நூறு வருடம் கழித்து வரும் ஆராய்ச்சியாளர், இராமநாதபுரத்தில் ஓர் இராகவையங்கார் இருந்தார், செந்தமிழ் ஆசிரியர், சேரர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர் என்று ஒரே ஆளாக எழுதி முடித்துவிடுவார். ஊரும், சாதியும், வேலையும், எழுதிய பொருளும் அத்தனையும் பொருந்துமே! ஒரே ஒரு முதலெழுத்துத்தான் இருவரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சங்கக் கபிலர் எங்கே முடிந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரி மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது புறநானூறு 236-இன் குறிப்பிலிருந்து கொள்ளும் செய்தி. அந்தப் பாட்டில் பாரியிடம் கோபிக்கிறார்: என்னை விட்டுவிட்டு நீ மட்டும் போனாயே, நான் உனக்குத் தகுந்த நண்பனாக இல்லாமல் போனேனா என்கிறார். அடுத்த பிறவியிலாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு வேறு விதமாகச் சொல்கிறது: பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணை ஆற்றின் நடுவே கபிலக்கல் என்ற இடத்தில் தீப்புகுந்தார். பட்டினியா தீயா என்பதில் ஒற்றுமை இல்லை. நண்பன் ஒருவனே. சங்கக் காலத்துக்குச் சுமார் எண்ணூறு ஆண்டு கழித்தும் அந்த ஊர் அவரைப் பாரியின் நண்பராகத்தான் நினைவு வைத்திருந்தது. திருவந்தாதி பாடிய அடியாராக அந்தக் கல்வெட்டு அவரைச் சொல்லவில்லை. நம்பியின் காலத்துக்கு அதிக தூரமில்லாத கல்வெட்டு என்பதால் இதற்கு என் கணக்கில் தனி மதிப்பு உண்டு.

அதே திருக்கோவலூரில்தான், மழை இரவில் ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தார்கள், பொய்கையாழ்வார் முதல் விளக்கை ஏற்றினார் என்பது வைணவ மரபு. அந்த உலகளந்த பெருமாள் கோயிலும் கபிலக்கல்லும் ஓர் ஊரில் இருக்கின்றன. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் அது தென்னார்க்காடு மாவட்டம். 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்துக்குப் போனது, 2019-இல் கள்ளக்குறிச்சிக்குப் போனது. பெண்ணை மட்டும் பழைய வழியிலேயே வந்து கடலூர்க் கரையில் கடலில் சேர்கிறது.

கோடையில் போனால் ஆற்று மணலில் நடந்தே அந்தப் பாறையை அடையலாம். கரையில் நின்று பார்த்தால் ஆற்றின் நடுவே தனித்து நிற்கும். பாறையின் உச்சியில் பிற்காலத்தில் யாரோ கட்டிய சிறிய செங்கல் கோயில் ஒன்று இருக்கிறது.